ஹேயான் ஷோதானும் ஒரு டப்பா சாக்பீஸும்

டிசம்பர் முதல் ஞாயிறு நடந்த கராத்தே பெல்ட் டெஸ்ட்டில் நான் ஃபெயில். நான்காம் கியூ (கருப்பு பெல்ட்டுக்குக் கீழே உள்ள படிகளுக்குக் கியூ என்று பெயர்), எங்கள் வகுப்பில் அதற்கு ஊதா பெல்ட். அந்தப் பிரிவில் தவறியது இரண்டே பேர். இன்னொருவனுக்கு 12 வயது. அம்மாவின் தோளில் முகம் புதைத்து அழுதான். எனக்கு 38. மண்டபத்துக்கு வெளியே, மழை ஒழுகிக்கொண்டிருந்த தார்ப்பாயின் கீழ் நின்று ஒரு டீ குடித்தேன். அப்புறம் இன்னொன்று.

தவறியதுகூடப் பரவாயில்லை, எதில் தவறினேன் என்பதுதான் உறுத்தியது. மூன்று மாதம் உயிரைக் கொடுத்துப் பழகியது ஹேயான் கோதான். ஐந்தாவது கட்டா (கட்டா என்றால் தனியாளாக, வரிசை மாறாமல் செய்துகாட்டும் அசைவுகளின் தொகுப்பு). அதில் ஒரு தாவல் உண்டு. காற்றில் எழும்பி, கால்களைப் பின்னிக்கொண்டு தாழ இறங்கி, இரண்டு கைகளையும் குறுக்கே வைத்துத் தடுக்க வேண்டும். என் முட்டிக்கு அது சாதாரண விஷயமில்லை. அன்றைக்கு நன்றாகவே வந்தது, தேர்வாளர்கூடத் தலையாட்டினார். பிறகு நிதானமாக, "ஹேயான் ஷோதான்" என்றார். முதல் கட்டா. வெள்ளை பெல்ட் பொடிசுகள் செய்வது. இதைப் போய்க் கேட்கிறாரே என்று நினைத்துக்கொண்டேதான் ஆரம்பித்தேன். தாளில் அவர் எழுதியது இவ்வளவுதான்: நிற்கும் நிலை குறுகல், பின்குதிகால் தூக்குகிறது.

குதிகால் பஞ்சாயத்து எனக்குப் புதிதல்ல. பெரம்பூரில் ஒரு பள்ளி மைதானத்தில் வாரம் மூன்று நாள் மாலை வகுப்பு. சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. நாலு வருடமாக மாஸ்டர் என்னைக் கடக்கும்போதெல்லாம் கேட்பது, "ஏம்மா, குதிகால் எங்க போச்சு?" நான் உடனே அழுத்துவேன். அடுத்த அடி வைத்ததும் அது மறுபடி எழும்பிவிடும். பகலில் லேபில் வேலை, ரத்தம் எடுப்பது, நாள் முழுக்க நின்றபடிதான். அதனால் ஆடுசதை இறுகிப்போயிருக்கிறது என்று நானே ஒரு டயக்னோசிஸ் எழுதிக்கொண்டேன். டெஸ்ட் முடிந்து பதினைந்து நாள், தோசை வேகும் நேரத்தில் சமையலறைச் சுவரில் கைகளை ஊன்றி ஆடுசதையை இழுத்துவிட்டேன். தோசை இரண்டு கருகியது. குதிகால் இறங்கவில்லை.

சென்குத்சு தாச்சி என்று இந்த நிலைக்குப் பெயர். முன்கால் முட்டி மடங்கியிருக்கும், பின்கால் நீண்டிருக்கும், இரண்டு பாதமும் முழுசாகத் தரையில். குத்துக்கு வேண்டிய விசை தரையில்தான் தொடங்குகிறது. பின்கால் தரையைத் தள்ள, அது இடுப்புக்கு வந்து, இடுப்பு திரும்பி, கடைசியாகத்தான் முஷ்டிக்குப் போகிறது. குதிகால் தூக்கிவிட்டால் தள்ளுவதற்குத் தரை இல்லை. அப்போது வருவது தோளால் மட்டும் போடுகிற குத்து, பார்க்கத்தான் வேகமாக இருக்கும். எங்கள் வகுப்பில் அதற்கு 'சினிமா குத்து' என்று பெயர்.

பொங்கல் முடிந்த திங்கள் வகுப்புக்குப் போனால் முன்வரிசை காலி. பிரவுன் பெல்ட் பிள்ளைகள் நாலு பேருக்கும் பிளஸ் டூ பரீட்சை, மார்ச் முடியும்வரை வர மாட்டார்கள். வருடா வருடம் நடப்பதுதான். ஆனால் இந்த முறை புதிதாக இருபது வெள்ளை பெல்ட் சேர்ந்திருந்தது. மாஸ்டர் என்னைப் பார்த்து, "பொடிசுங்கள கொஞ்சம் பாத்துக்கோம்மா" என்றார். ஃபெயிலானதற்குத் தண்டனை என்றுதான் முதலில் நினைத்தேன்.

முதல் நாள் எண்ணுவதிலேயே போய்விட்டது. ஜப்பானிய மொழியில் இச்சி, நி, சான், ஷி, கோ என்று எண்ணி, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு குத்து. நான் "நி!" என்று கத்தியதும் கடைசி வரிசைப் பையன் ஒருவன் திடுக்கிட்டு, "நான் ஒண்ணும் பண்ணல ஆன்ட்டி" என்றான். வகுப்பே உருண்டு சிரித்தது. அன்றிலிருந்து 'நி' வரும்போதெல்லாம் இருபது பேரும் அவனைத் திரும்பிப் பார்க்கிறார்கள். இன்னொரு சங்கடம், பாதிப் பேருக்கு நான் அக்கா, பாதிப் பேருக்கு ஆன்ட்டி. மாஸ்டர் "சென்பாய்னு கூப்பிடுங்க" என்று சொல்லிப் பார்த்தார், ஜப்பானிய மொழியில் மூத்தவர் என்று பொருள். "சென்பாய் ஆன்ட்டி" ஆனது. (லேபில் வேறு கதை, என் பெயருக்கு முன்னால் 'கராத்தே' ஒட்டிக்கொண்டுவிட்டது. முன்னாள் துணை மேயர் கராத்தே தியாகராஜனைப் பார்த்த ஊர், இங்கே இதெல்லாம் சகஜம்.)

சரி, கட்டாவுக்கு வருகிறேன். ஹேயான் வரிசையின் மூலம் பின்னான் என்கிற ஐந்து கட்டாக்கள். ஜப்பானின் ஒகினாவா தீவில் அங்கோ இதோசு என்ற கராத்தே ஆசிரியர் 1900களின் தொடக்கத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்காக அமைத்தவை. அவரிடம் பயின்ற கிச்சின் ஃபுனகோஷி 1922-ல் டோக்கியோ போனார். பின்னாளில் பெயரை ஹேயான் என்று மாற்றி, முதல் இரண்டின் வரிசையையும் மாற்றிப் போட்டார். நாங்கள் ஷோதான் என்று பழகுவது பழைய வரிசையில் இரண்டாவது. அதாவது நான் ஃபெயிலானது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான பாடத்தில். இதை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன்.

மொத்தம் 21 அசைவு. ஒன்பதாவதிலும் பதினேழாவதிலும் 'கியாய்' கத்த வேண்டும். பிள்ளைகள் ஒன்பதுவரை ஒழுங்காக வந்தார்கள். மூன்று முறை கையை நெற்றிக்கு மேல் தூக்கித் தடுத்து முன்னேறி, மூன்றாவதில் ஒரு கத்தல். அது எல்லோருக்கும் பிடித்திருந்தது. சிக்கல் அதற்கு அடுத்த திருப்பத்தில். இடதுகாலை வலதுகாலுக்குப் பின்னால் கொண்டுபோய், முக்கால் வட்டம் சுற்றி, வலப்பக்கச் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். சுற்றி முடித்ததும் இருபது பேரும் இருபது திசையில் நின்றார்கள். இருவர் மோதிக்கொண்டார்கள், ஒருத்தி கேட்டைப் பார்த்து நின்று அவள் அப்பாவுக்குக் கை காட்டினாள்.

வாயால் சொல்லிப் புரியவைக்க ஒரு வாரம் முயன்றேன். "இடது, பின்னாடி, சுத்து, இன்னும் சுத்து." ஒன்றும் ஏறவில்லை. ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது, எங்கள் தெருவில் பொங்கலுக்குப் போட்ட பெரிய கோலம் ஒன்று பாதி அழிந்து கிடந்தது. அதை மிதிக்காமல் வழக்கம்போல் தாண்டும்போதுதான் தோன்றியது, வரைந்து காட்டினால் என்ன? அன்று மாலை ஒரு டப்பா சாக்பீஸ் வாங்கிப் போனேன்.

ஹேயான் ஷோதானில் கால் போகும் பாதையை மேலிருந்து பார்த்தால் மேலேயும் கீழேயும் ஒரு படுக்கைக் கோடு, நடுவில் ஒரு நெட்டைக் கோடு. சிமென்ட் தரையில் அதை வரைந்து, ஒவ்வொரு அடிக்கும் ஒரு புள்ளி வைத்தேன். பேரனைக் கூட்டிப்போக வந்த ஒரு பாட்டி நின்று பார்த்துவிட்டு, "எத்தனை புள்ளிம்மா?" என்று கேட்டார். விளக்கினேன். "அப்ப சிக்குக் கோலம் இல்ல" என்று முடிவு சொல்லிவிட்டுப் போனார்.

கோலம் வேலை செய்தது. திசை யாருக்கும் தப்பவில்லை. ஆனால் புது வியாதி ஒன்று வந்தது, எல்லோரும் கோட்டின் மேலேயே நடந்தார்கள். கழைக்கூத்தாடி கயிற்றில் நடப்பதுபோல் ஒரு காலுக்கு நேர் முன்னால் மறுகால். தோளில் லேசாகத் தொட்டாலே சாய்ந்தார்கள். "அகலமா நில்லுங்க" என்று கத்திக்கொண்டே, எப்படி என்று காட்ட நானே ஒருமுறை செய்தேன். செய்து முடித்துத் திரும்பிப் பார்த்தபோது தரையில் என் கால் தடங்கள் இருந்தன. அவர்கள் மிதித்து மிதித்துச் சாக்பீஸ் தூள் பரவியிருந்த இடம், என் உள்ளங்கால் வேறு வியர்வையில் ஈரம். ஒவ்வொரு தடமும் அச்சு மாதிரி விழுந்திருந்தது. முன்கால் தடங்கள் முழுசு. பின்கால் விழுந்த இடத்தில் பல தடங்களில் முன்பாதி மட்டும். விரல்கள், அதன் கீழே ஒரு பிறை, அவ்வளவுதான். குதிகால் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சிமென்ட். இதைவிட முக்கியம், அந்தத் தடங்கள் எல்லாம் ஒரே கோட்டில் இருந்தன. நானும் கயிற்றில்தான் நடந்திருக்கிறேன்.

அப்படியே குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்கு ஏதோ தொலைந்துவிட்டது என்று தோன்றியிருக்கும், நாலைந்து பேர் என்னோடு உட்கார்ந்து தேட ஆரம்பித்தார்கள்.

மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. என்னை ஒரே கோட்டில் கால் வைத்து நிற்கச் சொல்லி, "இப்ப இடுப்ப நேரா திருப்பு" என்றார். திருப்பினேன். பின்கால் முறுக்கிக்கொண்டு குதிகால் தானாக எழும்பியது. காலை ஒரு சாணுக்கு மேல் பக்கவாட்டில் தள்ளி வைக்கச் சொல்லி, மறுபடி திருப்பச் சொன்னார். இடுப்பு திரும்பியது, குதிகால் இருந்த இடத்திலேயே இருந்தது. நாலு வருடம் ஆடுசதை மேல் பழி போட்டிருக்கிறேன். குதிகாலைப் பிடித்து அழுத்திப் பயனே இல்லை, கோளாறு அகலத்தில். "இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே மாஸ்டர்" என்றேன். "சொன்னேன்மா. நீ குதிகாலத்தான் கேட்டுக்கிட்ட" என்றார். எனக்கு ஞாபகமில்லை. அவர் சொல்லியிருக்கக்கூடும்.

அடுத்த வகுப்பில் ஒற்றைக் கோட்டை அழித்துவிட்டு, இழைக் கோலம் போல இரட்டைக் கோடாகப் போட்டேன், இடுப்பளவு இடைவெளி விட்டு. இடதுகால் இடக்கோட்டில், வலதுகால் வலக்கோட்டில். திருப்பத்தில்தான் இதன் அருமை தெரிந்தது. சுற்றி வருகிற கால் வலதுகாலுக்கு நேராகப் போய் நின்றால் போதாது, அந்தக் கோட்டையும் தாண்டி அடுத்த கோட்டுக்குப் போக வேண்டும். நானும் பிள்ளைகளும் சோம்பல்பட்டது அந்தக் கடைசி ஒரு சாணில்தான். பழக்கம் மாற எனக்கு ஆறு வாரம் பிடித்தது. பிள்ளைகளுக்கு இரண்டு வகுப்பு. தினமும் காலை ஐந்தரைக்கு மொட்டை மாடியில் சாக்பீஸ் கோட்டில் திருப்பம் மட்டும் இருபது தடவை செய்தேன், வேறெதுவும் இல்லை. கீழ் வீட்டுக்காரர் ஒருமுறை மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் இறங்கிப் போனார்.

மார்ச் கடைசி ஞாயிறு மறுபடி டெஸ்ட். அதே மண்டபம், மழை மட்டும் இல்லை. மின்விசிறி சுற்றியும் கராத்தே உடுப்பு முதுகோடு ஒட்டிக்கொண்டது. நாலு மணி நேரம் சுவரோரமாக உட்கார்ந்திருந்தேன். குமிதேயில், அதாவது இருவர் மோதும் பகுதியில், எனக்கு ஜோடியாக வந்தவன் என்னைவிட ஒரு தலை உயரமான பத்தாம் வகுப்புப் பையன். "ஸாரி ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டே ஒவ்வொரு குத்தையும் போட்டான். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கண்ணை மூடவில்லை, பின்வாங்கும்போது தடுமாறவில்லை. பிறகு வாய்மொழிக் கேள்வி, 'கராத்தே' என்றால் என்ன? வெறுங்கை என்றேன். முன்பு 'சீனக் கை' என்று பொருள்படும் எழுத்தில் எழுதினார்கள், உச்சரிப்பு ஒன்றே என்பதால் எழுத்தை மட்டும் மாற்றினார்கள் என்றும் சேர்த்துச் சொன்னேன். கேட்டதற்கு மேல் சொல்வது என் வழக்கம்.

கோதான் ஆயிற்று. இந்த முறை தேர்வாளர் வேறொருவர். அவர் ஷோதானைக் கேட்கவே இல்லை! மூன்றாவது கட்டாவான ஹேயான் சான்தான் செய்யச் சொல்லிவிட்டுப் போகச் சொன்னார். ஊதா பெல்ட் கிடைத்தது. சந்தோஷம்தான், ஆனால் மண்டபத்தை விட்டு வெளியே வந்தபோது ஒரு சின்ன ஆதங்கம் இருந்தது. வண்டி ஸ்டாண்டின் ஓரத்தில் ஆள் இல்லாத இடமாகப் பார்த்து, செருப்பைக் கழற்றிவிட்டு ஷோதானை முழுசாக ஒருமுறை செய்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தேன். கியாய் மட்டும் போடவில்லை.

என் இருபது பேரில் அன்று டெஸ்ட்டுக்கு வந்தது பதினாலு பேர், எல்லோருக்கும் மஞ்சள் பெல்ட். 'நி' பையனும் அதில் ஒருவன். டிசம்பரில் என்னோடு தவறிய 12 வயதுக்காரனும் தேறிவிட்டான். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவனுக்கு நான் கெட்ட சகுனம் போலிருக்கிறது.

பிரவுன் பெல்ட் பிள்ளைகள் பரீட்சை முடித்துத் திரும்பிவிட்டார்கள். பொடிசுகளை மறுபடி அவர்களிடமே விட்டுவிடுவார் மாஸ்டர் என்று நினைத்தேன். சாக்பீஸ் டப்பாவை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார், புதன்கிழமை வெள்ளை பெல்ட் வகுப்பு என் பொறுப்பு. அடுத்து நான் பழக வேண்டியது தெக்கி ஷோதான். 29 அசைவு, குதிரை மேல் உட்கார்ந்த மாதிரியான கிபா தாச்சியில் கடைசிவரை பக்கவாட்டிலேயே போய் வர வேண்டும். திருப்பமே கிடையாது. மாடியில் போய் வரைந்து பார்த்தேன், ஒரே ஒரு கோடு. குதிகால் இரண்டும் சமர்த்தாகத் தரையில் இருக்கின்றன. இப்போது முட்டி இரண்டும் உள்பக்கமாகச் சாய்கின்றன.