ஒரே மண், மூன்று உயரம்: மாடித் தக்காளிக் குறிப்பு

காரைக்குடி வீட்டு மொட்டை மாடியில் கார்த்திகை முதல் வாரம் மூன்று வகைத் தக்காளி நாற்று நட்டேன்: பிகேஎம் 1, செர்ரி, மைக்ரோ டாம். மண் ஒன்றுதான், செம்மண், தொழுவுரம், தேங்காய் நார்க்கழிவு. எல்லாம் இடுப்பளவு வரும் என்று நினைத்து மூன்றடிக் குச்சி ஊன்றினேன்.

40ஆம் நாள்: செர்ரி குச்சியைத் தாண்டிவிட்டது. மழைக்காற்றில் சாய்ந்து ஒரு தண்டு மடங்கியும் போனது. துணி காயப்போடும் கம்பியிலிருந்து சணல் இறக்கிச் சுற்றிவிட்டேன். பக்கக் கிளைகளைக் கிள்ளி ஒற்றைத் தண்டாக விட்டேன். அதே கையோடு பிகேஎம் 1-லும் கிள்ளிக்கொண்டிருந்தேன், விரலெல்லாம் மஞ்சள் பச்சைக் கறை. அப்பத்தா பார்த்துவிட்டார்கள். "ஏம்ப்பா கொழுந்தக் கிள்ளுற? அது கெளையிலதானே காய்க்கும், விட்டுரு."

பாதிச் செடிகளை அப்படியே விட்டேன். அப்புறம்தான் தண்டை உற்றுப் பார்த்தேன். செர்ரியில் மூன்று இலைக்கு ஒரு பூங்கொத்து, நுனியில் எப்போதும் புதுக் கொழுந்து. பிகேஎம் 1-ல் மேலே போகப்போகக் கொத்துகளுக்கு நடுவே ஒன்றிரண்டு இலைதான். கடைசியில் நுனியே பூங்கொத்தாகி முடிந்துவிட்டது! அதற்குமேல் எவ்வளவு உரம் வைத்தாலும் அந்தத் தண்டு நீளாது. காய்ப்பு பக்கக் கிளைகளை நம்பித்தான்.

பிகேஎம் 1, அன்னஞ்சி என்ற நாட்டு ரகத்திலிருந்து பெரியகுளத்தில் உருவாக்கியது. தக்காளித் தண்டு இப்படித் தானே நின்றுவிடும் குணத்தை 1914-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில்தான் முதலில் கண்டெடுத்தார்கள். இன்று வயலில் குச்சி ஊன்றாமல் பயிரிடும் பல ரகங்களுக்கு அந்தக் குணம்தான் அடிப்படை.

மைக்ரோ டாமுக்குக் குச்சியே வேண்டியிருக்கவில்லை. ஆறு அங்குலத் தொட்டியில் ஒரு சாண் உயரத்தோடு நின்று, கோலிக்குண்டு அளவில் காய்த்தது. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதைக் கட்டாயம் வைக்க வேண்டும்.

மாசிக் கடைசியில் அளந்தேன். பிகேஎம் 1 இரண்டே முக்கால் அடி. செர்ரி ஏழடி, இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. பிகேஎம் 1-ல் கிள்ளிய செடியில் 23 காய், கிள்ளாத செடியில் 41.

பங்குனியில் இரவும் புழுக்கமாகிவிட்டதால் செர்ரி உயர்ந்துகொண்டே பூவை உதிர்க்கிறது. வரும் ஐப்பசியிலேயே அதை நட்டு, முதல் நாளே எட்டடிக் கயிறு கட்டப்போகிறேன்.