தோப்பும் இல்லை, படமும் இல்லை

நேற்று ஹார்ட் டிஸ்க்கைச் சொருகினேன். டிக் டிக்கென்று நாலு தடவை தட்டிவிட்டு அப்படியே அடங்கிவிட்டது. தஞ்சாவூர்க் கடைக்காரர் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "உள்ள படிக்கிற ஹெட் போயிருக்கு தம்பி, திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்காதீங்க, உள்ள தட்டு கீறிடும்" என்றார்.

2016 மகாமகத்துக்குப் போன படங்கள் அதில்தான். அப்புறம், 2018 நவம்பரில் கஜா புயல் அடிப்பதற்கு முன்பு எடுத்த எங்கள் மன்னார்குடித் தோப்பு. அங்கே ஒரு தென்னைகூட மிஞ்சவில்லை, அப்பாவும் இப்போது இல்லை. தோளில் ஈரத்துண்டோடு, சீவின இளநீரை எனக்கு நீட்டிக்கொண்டு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி நிற்பாரே, அந்தப் படம் ஒன்று கிடைத்தால் போதும் எனக்கு. சித்தப்பா போனில் வாட்ஸ்அப்பில் அனுப்பியது இருந்தது. சுருக்கி அனுப்பிய படம், பெரிதாக்கினால் அப்பா முகம் கலங்கிப்போகிறது. ராத்திரி தூக்கமே வரவில்லை.

மிச்சமிருக்கும் படங்களை இன்று இரண்டு டிஸ்க்கில் ஏற்றினேன். ஒன்று வீட்டில், ஒன்று திருச்சியில் அக்காவிடம். கூகுளில் இலவசம் 15 ஜிபிதான், மெயிலும் அதற்குள்ளேயே, அதனால் அப்பா படங்கள் மட்டும் அங்கே.

சொந்தக்காரர்கள் யாரிடமாவது எங்கள் தோப்புப் படம் இருந்தால் தயவுசெய்து வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், அப்போதுதான் தெளிவு குறையாமல் வரும்.