ஸ்டிக்கர் இருந்த இடத்தில் மட்டும் சிவப்பு

அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) மாருதி 800, 1997 மாடல். வாங்கியபோது நல்ல சிவப்பாம். ஆனைமலைப் பக்கம் தோட்டத்துச் சாளையில், மூன்று பக்கமும் திறந்து கிடக்கும் கொட்டாயில் ஏழு வருடம் நின்றதில், கொய்யாப்பழத்தின் உள்பக்கம் மாதிரி வெளிறிய ரோஸ் ஆகிவிட்டது. தடவினால் விரலில் மாவு மாதிரி ஒட்டும். போதாததற்குப் பக்கத்துத் தேங்காய் மஞ்சி மில்லிலிருந்து பறந்து வரும் நார்த்தூசி வேறு. கார்பரேட்டர், பிரேக், பேட்டரி எல்லாம் சரிசெய்து ஓட வைத்தது தனிக்கதை. இங்கே பெயின்ட் மட்டும்.

பொள்ளாச்சியில் டிங்கரிங் பட்டறை அண்ணன் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "முழுசாச் சுரண்டி அடிச்சறலாமுங்க, 35 ஆயிரம் ஆகும்" என்றார். வண்டியின் விலையே அவ்வளவு வருமா என்பது சந்தேகம். சரி, யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம்தான் டிக்கியில் இருந்த ‘மாசாணியம்மன் துணை’ ஸ்டிக்கரைக் கவனித்தேன். எழுத்தெழுத்தாக வெட்டி ஒட்டியது. ஓரம் எழும்பியிருந்தது. ஹேர் டிரையரால் சூடு காட்டி உரித்தால், உள்ளே எழுத்துகள் அப்படியே பழுத்த மிளகாய்ச் சிவப்பு! வெயில் படாத இடம் அது ஒன்றுதான். இதே சிவப்பு மற்ற இடத்திலும் மாவுக்கு அடியில் இருக்க வேண்டுமே என்று அப்போதுதான் உறைத்தது.

விஷயம் இதுதான். பெயின்டில் நிறத்துகளைப் பிடித்து வைத்திருப்பது ஒரு பிசின். வெயிலின் புற ஊதாக் கதிர் மேற்பரப்பில் அந்தப் பிசினை உடைத்துவிடுகிறது. பிடிமானம் போன துகள் மாவாக உதிர்கிறது. செத்தது மேல்தோல் மட்டும். ஆனால் இந்த வைத்தியம் எல்லா வண்டிக்கும் ஒத்துவராது. நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு உள்ள வண்டியில் அந்தக் கோட்டே தோல் உரிவதுபோல உரிந்திருந்தால், எவ்வளவு தேய்த்தாலும் வராது, பெயின்ட் அடிக்கத்தான் வேண்டும். வெள்ளைத் துணியில் கொஞ்சம் காம்பவுண்ட் (மேற்பரப்பை மெல்லத் தேய்த்தெடுக்கும் பசை) தொட்டு மறைவான இடத்தில் தேய்த்துப் பாருங்கள். துணியில் வண்டி நிறம் ஏறினால் கிளியர் கோட் இல்லை என்று அர்த்தம். என் துணி ரத்தம் துடைத்தது போல ஆனது.

ஆடியில் ஆரம்பித்தது முதல் முட்டாள்தனம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று திறந்த கொட்டாயில் சும்மா விடுமா? துடைத்த இடத்தில் அடுத்த நிமிடமே மண். அதோடு தேய்த்தால் வாட்டர் பேப்பர் (உப்புத்தாள்) போட்டது போலத்தான். மூட்டை கட்டி வைத்துவிட்டு, தை பிறந்த பிறகு மறுபடி தொட்டேன்.

கழுவியது போர்த்தண்ணியில். காய்ந்ததும் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி. மறுபடி அம்பராம்பாளையம் குழாய்த் தண்ணீர் பிடித்துவந்து கழுவி, காயும் முன்பே துடைத்தேன். அப்புறம் கையில் பிளாஸ்டிக் கவரை மாட்டிக்கொண்டு தடவிப் பார்த்தால், வெறும் கைக்குத் தெரியாத நொறநொறப்பெல்லாம் தெரிந்தது. ஷாம்பூ தண்ணீர் தெளித்து, வண்டி துடைக்கவென்றே விற்கும் களிமண் கட்டியால் மெதுவாக இழுத்ததில் அது போயிற்று. கட்டி கீழே விழுந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டும், மண் ஏறியிருக்கும். நானும் ஒன்றை அப்படித் தூக்கிப் போட்டேன்.

அடுத்ததுதான் எனக்கு மிகப் பிடித்த கட்டம். காய்ந்துபோன பழைய பெயின்டுக்கு எண்ணெய்ப் பசையுள்ள கிளேஸை நிறையப் பூசி, தேய்த்து, ராத்திரி முழுக்க ஊறவிட வேண்டும். மெகுயர்ஸ் ஏழாம் நம்பர் வாங்கியிருந்தேன். ரூஃப் குடித்த குடியைப் பார்க்க வேண்டும்! விடிந்தபோது ரோஸ் இரண்டு படி இருண்டிருந்தது. முதல் நாளே "கொஞ்சம் தேங்காண்ணெய் பூசிப் பாரு சாமி" என்றவர் அப்புச்சி. பொள்ளாச்சிக்காரருக்கு எல்லாவற்றுக்கும் அதுதான் மருந்து என்று சிரித்திருந்தேன். கிளேஸைப் பார்த்துவிட்டு "நானுஞ் சொன்னது அதானே" என்றார். பாதி உண்மைதான். தேங்காய் எண்ணெயில் தூசி வந்து ஒட்டிக்கொள்ளும் என்பதை மட்டும் சொல்லி வைத்தேன்.

காம்பவுண்ட் போட, சுற்றிக்கொண்டே அசைந்தாடும் டூயல் ஆக்‌ஷன் மெஷின், ஃபோம் பேட். இரண்டடிக்கு இரண்டடி எடுத்துக்கொண்டு, அழுத்தாமல், மெதுவாக நான்கைந்து முறை. பேட் சிவந்து அடைத்துக்கொள்ளும், அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். துடைக்க மைக்ரோஃபைபர்தான். திருப்பூர் பனியன் வேஸ்ட் மலிவாகக் கிடைக்கிறதே என்று எடுத்தேன், ஒரு துண்டில் இருந்த தையல் கதவில் வட்டக்கோடு போட்டுவிட்டது.

இரண்டாம் நாள் சலிப்பில், இரவல் வாங்கிய, ஒரே அச்சில் வேகமாகச் சுற்றும் ரோட்டரி மெஷினை பானெட் ஓரத்தில் வைத்தேன். மூன்று விநாடி இருக்கும். சிவப்புப் போய்ச் அடிப்பூச்சான சாம்பல் நிற பிரைமர் எட்டிப் பார்த்தது. ஓரங்களிலும் மடிப்புகளிலும் பெயின்ட் மெல்லிசு, சூடும் அங்கேதான் சேரும். மாஸ்கிங் டேப் ஒட்டியிருக்க வேண்டும். கம்பெனிப் பெயின்ட் எல்லா அடுக்கும் சேர்ந்தே சுமார் 100 மைக்ரான்தான், முடியை விடக் கொஞ்சம் தடிமன். தேய்க்கிற ஒவ்வொரு முறையும் அதிலிருந்துதான் செலவாகிறது. டச்சப் வைத்தேன். தெரிந்தவனுக்குத் தெரியும்.

கறுப்பு பம்பரை மூட மறந்து, அதில் காம்பவுண்ட் வெள்ளை வெள்ளையாகப் படிந்ததை டூத் பிரஷ்ஷால் எடுத்தேன். பிறகு ஃபைன் பாலிஷ், மேலே மெழுகு. மெழுகை மட்டும் விட்டுவிடக் கூடாது. மூடாமல் விட்டால் நம் வெயிலுக்கு மறுபடி மாவுதான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பூசுகிறேன். மெஷினோடு சேர்த்து 6,000 ரூபாய்க்குள், ஐந்து நாள் வேலை.

கதவுகள் புதுசு போல வந்துவிட்டன. ரூஃப் முக்கால்வாசி. டிக்கியில் மட்டும், சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால், ‘மாசாணியம்மன் துணை’ இன்னும் மங்கலாகத் தெரிகிறது. இன்னொரு சுற்று விடலாமா என்று மெஷினை எடுத்தேன், பானெட் ஓரம் ஞாபகம் வந்து வைத்துவிட்டேன். அதே அளவில், அதே எழுத்தில் புது ஸ்டிக்கர் வெட்டி வாங்கிவரச் சொல்லியிருக்கிறார் அப்புச்சி.