கயிற்றுக்குள் ஓர் அறை

ஜனவரி 5, ஞாயிறு

அம்மாவின் தையல் மெஷின் மூன்று வருடமாகக் கூடத்து மூலையில், வெளிச்சம் எட்டாத இடத்தில் நிற்கிறது. என் மேஜையோ கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே. பின்பக்கத் தோட்டத்தில் ஓர் அறை கட்டுவது என்று இன்று முடிவானது. காலையில் அம்மாவுக்கு, பிற்பகலில் எனக்கு. ரெடிமேடாகக் கொண்டுவந்து இறக்கும் அறைகளின் படங்களைக் காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு அம்மா கேட்டார்: “நம்மள யாரும் அளவெடுக்கலையே, அப்புறம் எப்படிப் பொருந்தும்?”

சரி, நாமே அளவெடுப்போம்.

ஜனவரி 11, சனி

12 அடிக்கு 10 அடி. நான்கு முளை, ஒரு கயிற்றுப் பந்து. மூலை மட்டத்துக்குப் பழைய வழிதான்: ஒரு பக்கம் 3 அடி, அடுத்த பக்கம் 4 அடி குறித்தால் குறுக்கே 5 அடி வர வேண்டும். முதல் மூலையில் 2 அங்குலம் தப்பியது. முளையைப் பிடுங்கி மறுபடி அடித்தேன்.

தாளில் பெரிதாக இருந்த அறை புல்தரையில் சிறுத்துவிட்டது. திறந்தவெளியில் எந்த அளவும் சிறிதாகத்தான் தெரியும் என்று தெரிந்தும் மனம் கேட்கவில்லை. மேஜை, மெஷின், இரண்டு நாற்காலி எல்லாவற்றையும் தூக்கிவந்து கயிற்றுக்குள் போட்டுப் பார்த்தேன். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்திருக்க 3 அடி விட்டும் நடமாட இடம் மிஞ்சியது. இந்த அளவு போதும்.

ஜனவரி 12, ஞாயிறு

விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை கயிற்றுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். மணிக்கு ஒருமுறை நிழலின் ஓரத்தில் ஒரு கல் வைத்தேன்.

என் வரைபடத்தில் மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. மரமும் பூச்செடிகளும் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன, வேறெப்படி வரைவேன்? நான்கு மணிக்கு வெயில் நேராக முகத்தில் அடித்தது. லேப்டாப் திரையில் ஓர் எழுத்துத் தெரியவில்லை. சன்ஷேடை நீட்டினால் சரியாகும் என்று நினைத்திருந்தேன், ஆகாது. அது மறைப்பது உச்சி வெயிலை. மாலை வெயில் சாய்ந்து வருகிறது, எவ்வளவு நீட்டினாலும் அடியில் நுழைந்துவிடும். உள்ளே திரை போட்டாலும் கண் கூசாதே தவிர, கண்ணாடியைத் தாண்டிய வெப்பம் பெரும்பாலும் அறைக்குள்ளேயே தங்கிவிடும். தடுப்பதென்றால் வெளியிலேயே தடுக்க வேண்டும்.

கண்ணாடிச் சுவரை அழித்தேன். வருத்தமாகத்தான் இருந்தது. அந்த இடத்தில் உயரமான ஒற்றை ஜன்னல், அதன் வெளிப்பக்கம் செங்குத்தாக, திருப்பிக்கொள்ளக்கூடிய மரப்பலகைகள். எதிர்ச்சுவரில் கூரையை ஒட்டி இன்னொரு சிறிய ஜன்னல். சூடான காற்று மேலே ஏறும், அது வெளியேற மேலேயே ஒரு வழி வேண்டும்.

ஜனவரி 19, ஞாயிறு

மேஸ்திரி வந்து பார்த்தார். சுற்றிலும் 2 அடி ஆழத்துக்குப் பள்ளம் எடுத்து அடித்தளம் போடலாம் என்றார். மரத்தைக் காட்டினேன். மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் முதல் 2 அடிக்குள்தான் ஓடுகிறது. கிளைகள் விரிந்திருக்கும் எல்லையையும் தாண்டிப் போகும். தொடர்ச்சியாகப் பள்ளம் வெட்டினால் அந்தப் பக்கத்து வேர் முழுவதும் போய்விடும்.

நெடுநேரம் பேசினோம். அறையை மரத்திலிருந்து இன்னும் 5 அடி தள்ளுவது, தனித்தனிக் குழிகளில் தூண் நிறுத்தி அதன்மேல் தளம் அமைப்பது என்று முடிவு. தடித்த வேர் குறுக்கே வந்தால் வேரை விட்டுவிட்டுத் தூணை நகர்த்திக்கொள்ளலாம். தளத்துக்கு அடியில் காற்று ஓடுவதால் மரத்தரையில் ஈரம் ஏறாது. அவர் ஒத்துக்கொண்டதில் எனக்கு அவ்வளவு நிம்மதி.

பிப்ரவரி 1, சனி

இன்று அம்மாவை அளந்தேன்.

உட்கார்ந்த நிலையில் தரையிலிருந்து கண் 44 அங்குலம். ஜன்னலின் அடிமட்டத்தை வழக்கப்படி 3 அடி என்று வரைந்திருந்தேன். அவர் இடத்தில் நான் குனிந்து பார்த்தபோது வேலிதான் தெரிந்தது, செடி ஒன்றுகூடத் தெரியவில்லை. அடிமட்டம் 2 அடிக்கு இறங்கியது. கை வேலைக்கு வெளிச்சம் இடப்பக்கமிருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் வலது கையின் நிழல் ஊசிமேல் விழும் என்றார். மெஷினைச் சுவரோடு திருப்பிப் போட்டோம். இதெல்லாம் எந்தப் படத்திலிருந்து எனக்குக் கிடைத்திருக்கும்?

அடுத்தது அவர் முழங்கால். மழைநீர் ஏறாமலிருக்கத் தளம் தரையிலிருந்து 6 அங்குலம் உயரம். படி வேண்டாம், சாய்வுதளம்தான். 1 அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் என்பது கணக்கு, ஆக 6 அடி. வாசலில் நிலைப்படி இல்லை, கதவு 3 அடி அகலம்.

பிப்ரவரி 2, ஞாயிறு

எலக்ட்ரீஷியனோடு அரை மணி நேரம். மின்கம்பி குழாய்க்குள் நிலத்தடியில் வரும், அறைக்கென்று தனி ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனம்), 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கு. பக்கத்திலேயே ஒரு வெற்றுக் குழாயும் புதைக்கச் சொன்னேன், பின்னால் எதற்காவது தேவைப்படும்.

பிப்ரவரி 8, சனி

கூரை. நான்கு பக்கமும் 2 அடி இறவாரம் விட்டால் 16 அடிக்கு 14 அடி, அதாவது ஏறக்குறைய 21 சதுர மீட்டர். 1 மி.மீ. மழைக்குச் சதுர மீட்டருக்கு 1 லிட்டர் தண்ணீர். 20 மி.மீ. பெய்தாலே 400 லிட்டருக்கு மேல்! அது தூண்களின் காலடியில் கொட்டக் கூடாது. கூரையின் வாட்டம் மரம் இருக்கும் பக்கம். ஓரத்தில் தகரக் கால்வாய், அதன் கீழே ஒரு தொட்டி, தொட்டி நிரம்பி வழிந்தால் மரத்துக்கு.

பிப்ரவரி 15, சனி

கடைசி வரைபடம் மேஸ்திரியிடம் போய்விட்டது. முளைகளைப் புது இடத்துக்கு மாற்றினேன், ஜன்னல் வரும் இடங்களில் கயிற்றில் துணி கட்டினேன், வாசலுக்கு 3 அடி இடைவெளி விட்டேன்.

மாலையில் அம்மா ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்தார். கயிறு தரையிலிருந்து ஒரு சாண் உயரம்தான், அப்படியே தாண்டியிருக்கலாம். சுற்றிக்கொண்டு வாசல் வழியாக உள்ளே போய், மெஷின் வரப்போகும் இடத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். இருட்டும்வரை எழுந்திருக்கவில்லை.