கோட்டுக்கு இந்தப் பக்கம்: ஆழ்கடல் படகின் எல்லைக் கணக்கு

கன்னியாகுமரி மாவட்டத்தில் எல்லை என்றால் எல்லாருக்கும் களியக்காவிளைதான் நினைவுக்கு வரும். கோழி லாரி, ரேஷன் அரிசி, சோதனைச் சாவடி. அது மாநில எல்லை. நீரோடி முதல் இரயுமன்துறை வரை வரிசையாக இருக்கும் எட்டு கடற்கரை ஊர்களின் பிழைப்பைத் தீர்மானிக்கிற எல்லை தெற்கே தண்ணீரில் கிடக்கிறது. கிழக்கே இலங்கை, மேற்கே மாலத்தீவு, இன்னும் கீழே இறங்கினால் பிரிட்டிஷ் ரோந்துக் கப்பல் சுற்றும் டீகோ கார்சியா கடல்.

படகு பிடிபட்டால் 'வழி தவறிச் சென்ற மீனவர்கள்' என்று செய்தி வரும். ஜி.பி.எஸ். வைத்திருக்கும் படகு வழி தவறுவது அபூர்வம். எல்லை தாண்டுவதில் பாதி, கரையில் ஐஸும் டீசலும் ஏற்றும்போதே முடிவாகிவிடுகிறது. மீதிப் பாதி, தூண்டில் கயிற்றை எந்தத் திசையில் இறக்கினார்கள் என்பதில் இருக்கிறது.

முதலில் கோடு எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். மன்னார் வளைகுடாவில் இந்தியா – இலங்கை எல்லை 1976 மார்ச் 23 ஒப்பந்தத்தில் வரையப்பட்டது. இந்தியா, இலங்கை, மாலத்தீவு மூன்றும் தொடும் முச்சந்திப் புள்ளி அதே ஆண்டு ஜூலையில் முடிவானது. மாலத்தீவோடு தனி ஒப்பந்தம் டிசம்பரில். முச்சந்தி இருப்பது வடக்கே 4 பாகை 47.04 நிமிடம், கிழக்கே 77 பாகை 01.40 நிமிடம். இந்த ஊர்களுக்குப் பக்கத்துத் துறைமுகமான தேங்காய்ப்பட்டணத்திலிருந்து கிட்டத்தட்ட நேர் தெற்கே, 200 கடல் மைலுக்குக் கொஞ்சம் மேலே. 7 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 7 கடல் மைல் போனால், 30 மணி நேர ஓட்டம். இலங்கைப் பக்கம் கோடு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. குமரிமுனையிலிருந்து கிழக்கேயோ தென்கிழக்கேயோ 80 கடல் மைல் அளவு போனாலே வந்துவிடும்.

குமரிக்குத் தெற்கேயுள்ள வாட்ஜ் பேங்க் மீன்மேடு இந்தியாவுக்கு என்று உறுதியானதும் அந்த 1976 மார்ச்சில்தான். ஒப்பந்தத்தோடு பரிமாறிக்கொண்ட கடிதத்தின்படி, இந்தியா தன் பொருளாதார மண்டலத்தை (கரையிலிருந்து 200 கடல் மைல் வரை தனக்கே மீன்பிடி உரிமையுள்ள கடலை) அறிவித்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வரை மட்டும் இலங்கையின் ஆறு கப்பல்கள் உரிமத்தோடு அங்கே தொழில் செய்யலாம். ஆண்டுக்கு 2,000 டன்னுக்கு மேல் பிடிக்கக் கூடாது. அதற்குப் பிறகு அவர்களுக்கு அங்கே இடமில்லை. அந்த இடைக்காலத்தில் இந்தியா அங்கே எண்ணெய் தேட முடிவு செய்தால் என்ன செய்வது என்பதற்கும் அதே கடிதத்தில் இடம் வைத்திருக்கிறார்கள். வாட்ஜ் பேங்கில் எண்ணெய் எடுக்கும் பேச்சு இப்போதுதான் முளைத்தது என்று நினைப்பவர்கள் அதை ஒருமுறை படிக்கலாம்.

இந்த எல்லைப் புள்ளிகளை ஜி.பி.எஸ். கருவியில் ஏற்றும்போது நடக்கும் ஒரு தவறு பல படகுகளில் உண்டு. ஒப்பந்தத்தில் எல்லாம் பாகை, நிமிடம், நிமிடத்தின் தசமம் என்று இருக்கும். சில கருவிகள் வெறும் தசமப் பாகை கேட்கும். 6 பாகை 30.8 நிமிடத்தை 6.308 என்று அடித்துவிட்டால், கருவி அதை 6 பாகை 18.5 நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும். புள்ளி 12 கடல் மைல் தெற்கே நகர்ந்துவிடும். திரையில் நீங்கள் இந்தியாவில் இருப்பீர்கள், தண்ணீரில் இலங்கையில் இருப்பீர்கள். நிமிடத்தை 60-ஆல் வகுத்து ஏற்றுங்கள்: 30.8 என்பது 0.5133, ஆக 6.5133. பக்கத்துப் படகின் கருவியிலிருந்து அப்படியே நகல் எடுத்தால் அவர் செய்த தவறும் சேர்ந்து வரும்.

எல்லைக் கோட்டை ஏற்றிவிட்டு அதிலேயே அலாரம் வைப்பதால் பயனில்லை. கோட்டுக்கு 30 கடல் மைல் உள்ளே இன்னொரு கோடு போட்டு, அதில்தான் அலாரம் வைக்க வேண்டும். 30 ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது.

ஆயிரங்கால் தூண்டில் என்பது ஒரு நீண்ட தாய்க்கயிற்றில் வரிசையாகத் தொங்கும் தூண்டில்கள். அதில் 1,000 தூண்டில், தூண்டிலுக்குத் தூண்டில் 30 மீட்டர் என்று வைத்தால் தாய்க்கயிறு 30 கிலோமீட்டர், அதாவது 16 கடல் மைல். 6 முதல் 7 நாட் வேகத்தில் இறக்க இரண்டரை மணி நேரம். ஊற விடுவது 6 மணி நேரம். இழுத்து ஏற்ற, மீன் விழுந்திருந்தால் 8 முதல் 10 மணி நேரம். முதல் தூண்டில் தண்ணீரில் விழுந்ததிலிருந்து கடைசித் தூண்டில் ஏறும் வரை 17, 18 மணி நேரம் ஆகிவிடுகிறது. நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், 1 நாட் ஓடினால் கயிறு 17 கடல் மைல் நகரும். ஒன்றரை நாட் என்றால் 26. கயிற்றை இழுக்கும் படகும் அதோடுதான் போகும். ஸ்ராங்க் (படகை ஓட்டும் தலைவர்) சுக்கானைத் தொடாமலே படகு எல்லைக்குப் போய்ச் சேரும்.

நீவாடு எந்தப் பக்கம் என்பது பருவத்தைப் பொறுத்தது. தென்மேற்குப் பருவத்தில் குமரிக்குத் தெற்கே பெருநீரோட்டம் கிழக்கு நோக்கி ஓடும். கயிறு இலங்கைப் பக்கம் போகும். கார்த்திகை முதல் மாசி வரை அது மேற்கே திரும்பி மாலத்தீவுப் பக்கம் தள்ளும். மேல்தண்ணீர் ஒரு பக்கமும் அடித்தண்ணீர் வேறு பக்கமும் ஓடுவது உண்டு, அதனால் மிதவையை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. எஞ்சினை நிறுத்தி ஒரு மணி நேரம் படகை மிதக்க விட்டு ஜி.பி.எஸ்.ஸில் நகர்வைக் குறித்துக்கொள்வது ஒரு வழி. ஆனால் காற்று படகை நீவாட்டைவிட அதிகமாகத் தள்ளும். பத்து தூண்டிலோடு ஒரு சிறு துண்டுக் கயிற்றை விட்டுப் பார்ப்பது இன்னும் சரியான சோதனை. அதில் தெரிந்த வேகத்தை 18-ஆல் பெருக்கி, அதோடு 10 கடல் மைல் கூட்டிக்கொண்டால் எவ்வளவு உள்ளே நிற்க வேண்டும் என்று கிடைக்கும். வேகம் ஒன்றரை நாட் என்றால் 30 கடல் மைலும் பற்றாது, 37 வேண்டும்.

கயிற்றை எல்லைக்கு இணையாக இறக்குவதுதான் பாதுகாப்பு. செங்குத்தாக இறக்கினால் 16 கடல் மைல் கயிற்றின் ஒரு முனை தொடக்கத்திலேயே கோட்டருகில் நிற்கும். எல்லைப் பக்க முனையிலிருந்து இழுக்கத் தொடங்க வேண்டும். மறுமுனையிலிருந்து தொடங்கினால் கடைசி மூன்று மணி நேரம் அடுத்தவர் கடலில் இழுப்பீர்கள், அதுவும் பட்டப்பகலில்.

இனி கயிறு அறுந்தால். சுறா சுற்றியோ, சரக்குக் கப்பல் ஏறியோ, முடிச்சு நைந்தோ அறும். ரேடியோ மிதவை இருந்தால் எங்கே போகிறது என்று தெரியும், தெரிவதுதான் ஆபத்து. 300 தூண்டிலும் கயிறும் கோட்டுக்கு அந்தப் பக்கம் மிதப்பது தெரிந்தால் போய் எடுக்கத்தான் கை துடிக்கும். போகக் கூடாது. அந்தத் துண்டின் விலை படகின் விலையில் அற்பம். அதைவிட முக்கியம், அங்கே நீங்கள் கயிறு இழுக்கும் கோலத்தில் பிடிபடுவீர்கள். தேடி வந்தேன் என்பதற்கு உங்கள் வாயைத் தவிர சாட்சி இருக்காது.

ஐஸுக்கு வருவோம். இந்தத் தொழிலில் கடிகாரம் ஐஸ்தான். 1 கிலோ மீனைக் குளிர்விக்க ஏட்டுக் கணக்கில் 300 கிராம் ஐஸ் போதும். ஆனால் நம் வெயிலில், நீண்ட தங்கலில், 1 கிலோ மீனுக்கு 1 கிலோ என்று வைத்தால்தான் கரை வரை தாங்கும். 50 கிலோ ஐஸ் பார் (கட்டி) 400 ஏற்றினால் 20 டன். ஐஸ் அறையில் நாளுக்கு 300 கிலோ வெறுமனே உருகினால் 30 நாளில் 9 டன் போய்விடும். மீதி 11 டன்; ஆக நியாயமாக 11 டன் மீனுக்குத்தான் ஐஸ். உருகும் அளவு கூடினால் முதலில் பார்க்க வேண்டியது அறைச் சுவரின் நுரைப் பலகையை. விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கி நுரை ஊறிவிட்டால் அது வெப்பத்தைத் தடுக்காது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. தடை காலத்தில் படகு கரையேறும்போது சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். 'டொக்' என்று செத்த சத்தம் வரும் இடத்தை வெட்டி மாற்ற வேண்டும்.

டீசல் கணக்கு சுலபம். எஞ்சின் உண்மையில் இழுக்கும் ஒவ்வொரு குதிரைத்திறனுக்கும் மணிக்கு 0.2 முதல் 0.25 லிட்டர். 120 குதிரைத்திறன் இழுத்தால் மணிக்கு 24 முதல் 30 லிட்டர். 200 கடல் மைல் போய்த் திரும்ப 57 மணி நேரம், 1,400 முதல் 1,700 லிட்டர். இது வெறும் போக்குவரத்து. தினமும் இறக்கி ஏற்றும் ஓட்டமும் மீன் தேடும் ஓட்டமும் தனி. விற்பனை வரி விலக்கு டீசல் விசைப்படகுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டராக இருந்து, 2023-ல் 19,000 ஆக்கப்பட்டது. பகலில் போய் இரவில் வரும் இழுவைப் படகை மனதில் வைத்துப் போட்ட அளவு இது. மாதக்கணக்கில் கடலில் தங்கும், இந்த எட்டு ஊர்களில் ஒன்றான தூத்தூரின் படகு இரண்டு மூன்று தங்கலில் அதை முடித்துவிடும்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இருபதாம் நாள், ஐஸ் பாதி மிச்சம், மீன் கால்பங்கு, வியாபாரியிடம் வாங்கிய அட்வான்ஸ் முழுசாக நிற்கிறது. அந்த நாளில்தான் ஸ்ராங்க் எல்லைக் கோட்டைப் பார்ப்பார். அதனால் திரும்பும் கணக்கைக் கிளம்பும் முன்பே எழுதி ஓட்டுநர் அறையில் ஒட்டிவிட வேண்டும்: டீசல் இவ்வளவுக்கு இறங்கினால் திரும்பு, ஐஸ் இத்தனை பாருக்கு வந்தால் திரும்பு. நஷ்டத்தோடு வந்தாலும் முதலாளி திட்ட மாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாத முதலாளியின் படகுதான் கோட்டைத் தாண்டிப் போகும்.

சர்வதேசக் கடல் சட்டப்படி அடுத்தவர் பொருளாதார மண்டலத்தைக் கடந்து போவதே குற்றமில்லை, தொழில் செய்வதுதான் குற்றம். ஆனால் கடப்பது போலத் தெரிய வேண்டும். தூண்டில் பெட்டிகளை உள்ளே வைத்து மூடி, இரையை அறைக்குள் போட்டு, ஒரே வேகத்தில் நேர்கோட்டில் போங்கள். இரவில் எஞ்சினை நிறுத்தி மிதந்தால் ராடாரில் அது தொழில் செய்யும் படகு. படகு இருக்கும் இடத்தை மற்றவர்களுக்கு அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். கருவியை அணைத்தால் அதுவே சந்தேகத்துக்கு முதல் காரணம். துரையா போன்ற வெளிநாட்டுச் செயற்கைக்கோள் போனை அனுமதியில்லாமல் வைத்திருந்தால் நம் கடலோரக் காவல் படையிடமே வழக்கு வாங்க வேண்டிவரும்.

மாலத்தீவுப் பக்கம் கூடுதல் வினை ஒன்று உண்டு. அங்கே 2010-ல் சுறா பிடிப்பதற்கே தடை போட்டார்கள். சூரையைக்கூடக் கம்பில் கட்டிய தூண்டில் போட்டு ஒவ்வொன்றாகப் பிடிப்பதுதான் அவர்கள் வழக்கம். ஆக, ஐஸ் அறையில் சுறாவோடு பிடிபடும் படகுக்கு எல்லை தாண்டிய குற்றத்தோடு இன்னொன்றும் சேரும். அதை எங்கே பிடித்தீர்கள் என்பதற்கு நாள், இடம், எடை எழுதிய பதிவேடு இருந்தால்தான் பேச முடியும். டீகோ கார்சியா இருக்கும் சாகோஸ் தீவுகளைச் சுற்றியும் 2010 முதல் கடல் பாதுகாப்புப் பகுதி. தேங்காய்ப்பட்டணத்திலிருந்து 600 கடல் மைலுக்கு மேல். அங்கே போனவர் தெரியாமல் போனார் என்று யாரும் நம்ப மாட்டார்கள். இலங்கை 2018-ல் வெளிநாட்டுப் படகுகளுக்கான அபராதத்தை வெகுவாக உயர்த்திவிட்டது. நம் சட்டமும் இளகியதல்ல: இந்தியக் கடலுக்குள் வரும் இலங்கையின் பலநாள் படகுகள் வெளிநாட்டுப் படகுகளின் மீன்பிடிப்பைக் கட்டுப்படுத்தும் 1981-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பிடிபட்டுத் தூத்துக்குடிக்கு வருகின்றன.

கோட்டருகில் போய்ப் பிடித்த மீன் கரையில் என்ன விலை போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தூரம் கூடினால் நாள் கூடும், நாள் கூடினால் தரம் இறங்கும். கேரை (சூரை வகை மீன்) படகில் ஏறியதும் அடித்து, இரத்தம் வடித்து, செவுளும் குடலும் எடுத்து, வயிற்றில் ஐஸ் திணிக்க வேண்டும். வெயிலில் தளத்தில் கிடந்தால் ஹிஸ்டமின் என்ற நச்சு உருவாகும். உருவானது பிறகு எவ்வளவு ஐஸ் போட்டாலும், சமைத்தாலும் போகாது. ஐரோப்பாவுக்கு அனுப்பும் சரக்கில் சராசரி கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் திருப்பிவிடுவார்கள். அப்படிப்பட்ட கேரை ஏற்றுமதி விலையை விட்டு உள்ளூர் விலைக்கு இறங்கும். முதல் வாரத்து மீனை ஒரு அறையிலும் கடைசி வாரத்து மீனைத் தனி அறையிலும் வைத்தால் ஏலத்தில் கலந்து அடிபடாது. சுறாவில் 2013 முதல் துடுப்பு உடலோடு சேர்ந்திருக்க வேண்டும். 2015-லிருந்து துடுப்பு ஏற்றுமதியும் கிடையாது. துடுப்புக்காகத் தூரம் போன காலத்துக் கணக்கை இன்றும் போட்டுக்கொண்டிருப்பவர்கள் ஏமாறுகிறார்கள்.

மீனை இறக்குவது பெரும்பாலும் கொச்சியில், தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில். தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்தில் மணல் மேடிடுவதால் பாரம் ஏற்றிய பெரிய படகு நுழைவது ஆபத்து; அங்கே உயிர்கள் போயிருக்கின்றன.

கிளம்பும் முன் பார்க்க வேண்டிய காகிதங்களில் படகுப் பதிவு, உரிமம், ஆட்களின் அடையாள அட்டை எல்லாம் எல்லாரும் பார்ப்பதுதான். 200 கடல் மைலுக்கு வெளியே பெருங்கடலில் தொழில் செய்ய மத்திய அரசின் தனி அனுமதிக் கடிதம் வேண்டும் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இன்சூரன்ஸ் பாலிசியில் எந்தக் கடல்வரை செல்லும் என்று ஒரு வரி சின்ன எழுத்தில் இருக்கும். அந்த வரிக்கு வெளியே எஞ்சின் உடைந்தாலும் ஆள் விழுந்தாலும் கம்பெனி கையை விரிக்க இடமுண்டு. பிரீமியம் கட்டும் நாளில் அந்த வரியைத் தமிழில் சொல்லச் சொல்லி, எழுதி வாங்கிக்கொண்டு, அதன் நகலைப் படகில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக வையுங்கள்.