பிரிட்ஜுக்கு மேலே இருந்த கிளாஸ்

லண்டனிலிருந்து சித்தப்பா மகன் வருகிறான் என்றதும் மேல்மாடி நண்பர் மூன்று நாளுக்கு முன்னரே இறால் வடைக்குச் சொல்லி வைத்துவிட்டார். டியூட்டி ஃப்ரீயில் ஏதாவது பெரிதாகத் தூக்கிக்கொண்டு வருவான் என்று எங்களுக்கு ஒரு கணக்கு. வந்தவன் சூட்கேஸைத் திறந்தான். சாரத்துக்குள் காலுறை, காலுறைக்குள் ஒரு போத்தல். பிறந்த பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்கி மேசையில் வைத்தான். 330 மில்லிலீற்றர்.

“என்னடா இது, இருமல் பாணியா?”

“இம்பீரியல் ஸ்டவுட் அண்ணை. மதுசாரம் 11 வீதம்.”

“பியரா?” என்றார் நண்பர். “லண்டனிலயிருந்து பியரா கொண்டு வந்தனீர்?” செத்த வீட்டில்கூட அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை.

தம்பி அங்கே வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறவன். போட்டிகளுக்கு நடுவராகவும் போகிறானாம். கையோடு புள்ளித் தாள்களும் கொண்டு வந்திருந்தான். மொத்தம் 50. மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் அது நிற்கிற விதத்துக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. சாதாரண தரப் பரீட்சைக்குப் பிறகு புள்ளித் தாள் எதைக் கண்டாலும் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அவனுடைய திட்டம், இதையும் நம்முடைய இலங்கை லயன் ஸ்டவுட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்ப்பது. லயன் 8.8 வீதம், முன்பு நுவரெலியாவில் காய்ச்சினார்கள், இப்போது பியகமையில். “மைக்கேல் ஜாக்சனே அதைப் புகழ்ந்து எழுதினவர்” என்றான். நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அவன் ஆடுறதுக்கே நேரம் காணாதவன், இதையும் குடிச்சவனோ?” இவர் வேறு மைக்கேல் ஜாக்சன், இங்கிலாந்துக்காரர், வாழ்நாளெல்லாம் பியரைப் பற்றி எழுதி 2007இல் காலமானவர் என்று விளங்கப்படுத்தப் பத்து நிமிடம் போனது. அதற்குப் பிறகும் நண்பருக்கு அரை நம்பிக்கைதான்.

லயன் வாங்கக் காலி வீதிக்கு இறங்கினால் வைன் ஸ்டோர்ஸ் பூட்டு. அன்றைக்குப் போயா, பௌர்ணமி விடுமுறை, மதுக்கடை திறக்காத நாள். வெள்ளவத்தையில் இருபது வருஷம் இருந்தும் நான் மறந்தது பெரிய விஷயமில்லை. நண்பர் மறந்ததுதான் ஆச்சரியம். போயா விடுமுறைகளைக் கோயில் திருவிழாவைவிடக் கவனமாகக் குறித்து வைப்பவர் அவர்.

ஆக ஒரு போத்தல், மூன்று பேர்.

அதையும் உடனே திறக்க விடவில்லை. 12, 13 பாகையில் குடிக்க வேண்டுமாம். வீட்டுக்குள் 30 பாகை, பிரிட்ஜுக்குள் 4, 5. விறைக்கக் குளிர்ந்தால் மணம் எழும்பாது, நாக்கும் மரத்துவிடும் என்று சொல்லி, பிரிட்ஜிலிருந்து எடுத்த போத்தலை மேசையில் வைத்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். வயிறு அகன்று வாய் ஒடுங்கின கிளாஸ் இருக்கிறதா என்று கேட்டான். எங்களிடம் இருந்தது பிளேன்ரீ கிளாஸ்.

காத்திருந்த நேரத்தில் சரித்திர பாடம் நடந்தது. 18ஆம் நூற்றாண்டில் லண்டனில் காய்ச்சி ரஷ்ய அரண்மனைக்கு அனுப்பின ஸ்டவுட்டின் வாரிசு இது, அதனால்தான் ‘இம்பீரியல்’. 1817இல் டேனியல் வீலர் என்பவர் மால்ட்டை, அதாவது முளைக்க வைத்துக் காயவைத்த பார்லியை, உருளையில் போட்டு வறுக்கிற முறைக்குக் காப்புரிமை எடுத்த பிறகுதான் இந்தக் கறுப்புக்கு வழி பிறந்தது. கோப்பிக்கொட்டை வறுக்கிற மாதிரித்தான், கருக வேண்டும், ஆனால் சாம்பலாகக் கூடாது. இதற்குள் நண்பர் மூன்றாவது இறால் வடைக்குப் போய்விட்டார்.

ஒருவழியாக ஊற்றினான். ஓட்டோவுக்கு ஒயில் மாற்றும்போது அடியிலிருந்து வடியுமே, அந்தக் கறுப்பு, அந்தத் தடிப்பு. நுரையும் வெள்ளை இல்லை, பால் குறைத்துப் போட்ட கோப்பியின் நிறம். கிளாஸை ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். கடற்கரைப் பக்கம் ரயில் போகிற சத்தம் கேட்டது, கிளாஸுக்குள்ளால் ரயில் தெரியவில்லை. தோற்றத்துக்கு 3க்கு 3, சண்டையில்லாமல் போட்டோம்.

மணத்தில் சண்டை வந்தது. “காய்ஞ்ச பிளம்ஸ், புகையிலை, கொஞ்சம் தோல்” என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னான் தம்பி.

“என்ன தோல்?”

“பழைய சப்பாத்துத் தோல்.”

சப்பாத்து மணந்தால் புள்ளி கூடுமா, குறையுமா என்று நண்பர் கேட்டார். கூடுமாம். பிறகு அவரும் கிளாஸுக்குள் மூக்கை விட்டார். “எனக்குப் பாணில பூசுற மார்மைட் மணக்குது.” தம்பியின் முகம் மாறிவிட்டது. ஆனாலும் நேர்மையான பிள்ளை. மார்மைட்டே பியர் காய்ச்சி மிஞ்சின ஈஸ்டில் செய்கிறதுதான், ஸ்டவுட்டை நெடுநாள் வைத்திருந்தால் உள்ளே ஈஸ்ட் சிதைந்து அந்த மணம் வரும் என்று ஒப்புக்கொண்டான். இந்தப் போத்தலை மூன்று வருஷமாக அலுமாரிக்குள் வைத்துக் காத்திருக்கிறான். 12இல் 2 குறைத்தபோது பேனா நடுங்கியது.

எனக்கு முதல் மிடறில் பனங்கட்டி வந்தது. அதற்குப் பின்னால் சீனி போடாத கோப்பி. கடைசியில் ஒரு கசப்பு, நாக்கின் அடியில் குந்திக்கொண்டு எழும்ப மாட்டேன் என்றது. விழுங்கின பிறகு நெஞ்சுக்குள் மெல்லிய சூடு. இரண்டாவது மிடறு பிடிக்கவில்லை, நாலாவது பிடித்தது. இறால் வடையோடு ஒத்தே போகவில்லை. மாமி வெட்டி வைத்திருந்த தொதல் இனிப்புத் துண்டோடு குடித்தபோதுதான் இரண்டும் ஒரே ஊர்க்காரர் என்று தெரிந்தது.

சூடு ஏற ஏறச் சுவை மாறும், ஒரு மணித்தியாலம் கழித்துப் பார்ப்போம் என்று தம்பி கொஞ்சத்தை ஒரு சின்னக் கிளாஸில் ஊற்றி, மூடி, பிரிட்ஜுக்கு மேலே வைத்தான். நாங்கள் பல்கனிக்குப் போய்விட்டோம்.

பிரிட்ஜுக்கு மேலேதான் மாமாவின் தசமூலாரிஷ்டமும் இருக்கிறது. முழங்கால் உளைவுக்கு. இரவுச் சாப்பாடு முடிய மாமி ஒரு சின்னக் கிளாஸில் ஊற்றிச் சம அளவு தண்ணீர் விட்டு, மூடி, அங்கே வைப்பார். மாமா வந்து எடுத்துக் குடிப்பார். சாராயக் கடை வாசலைக்கூட மிதிக்காத மனுஷன். அரிஷ்டம் புளிக்கும்போது அதற்குள் தானாகவே 5 முதல் 10 வீதம் வரை மதுசாரம் உண்டாகும் என்று அவருக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை. நானும் சொல்லப் போவதில்லை.

திரும்பி உள்ளே வந்தபோது சின்னக் கிளாஸ் காலி. மாமா சாய்மனைக் கதிரையில்.

“மருமகன், இந்தமுறை அரிஷ்டம் எங்கை வாங்கினது?”

“ஏன் மாமா?”

“காய்ச்சினவன் அடிப்பிடிக்க விட்டிட்டான். கருகல் மணக்குது. வெல்லமும் கொஞ்சம் கூடிப்போச்சு. மாமி தண்ணி விடவும் மறந்திட்டா போல. ஆனா நல்ல சரக்கு, நெஞ்சுக்குள்ள இறங்கிறது தெரியுது.”

தம்பி சத்தமில்லாமல் புள்ளித் தாளை எடுத்துவிட்டான். “50க்கு எத்தினை போடுவீங்கள் அங்கிள்?”

மாமா ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். மருந்துக்கு ஏன் புள்ளி என்று கேட்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். “38.”

தம்பி தன் தாளைத் திருப்பிக் காட்டினான். 37.

அந்த நேரம் பார்த்து மாமி குசினியிலிருந்து சின்னக் கிளாஸோடு வந்தார். “சீரியல் பார்த்ததில நேரம் போனது தெரியேல்லை. இந்தாங்கோ, உங்கட மருந்து.”

மாமா அந்தக் கிளாஸைப் பார்த்தார். பிரிட்ஜைப் பார்த்தார். எங்கள் மூன்று பேரையும், ஒவ்வொருவராக, வகுப்பில் பார்ப்பதுபோலப் பார்த்தார். நண்பர் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மாமா மாமியிடமிருந்து கிளாஸை வாங்கி, ஒரே மிடறில் குடித்துவிட்டு, முகத்தைச் சுளித்தார்.

மாமி உள்ளே போகும்வரை பொறுத்திருந்து, தம்பியைக் கிட்டக் கூப்பிட்டார்.

“தம்பி, திரும்ப எப்ப வாறீர்?”