லான்: வேல்ஸ் ஊர்ப்பெயர்களுக்குள் ஒரு வேலி நிலம்

ஆங்கிள்சி தீவுக்கு வருவோரில் பெரும்பாலோர், 'லான்வைர்' என்று தொடங்கி 58 எழுத்துகள் நீளும் அந்தப் புகழ்பெற்ற ஊர்ப்பெயர்ப் பலகையின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டு அடுத்த வண்டியில் ஏறிவிடுகிறார்கள்; எனக்கு இது பெரும் ஆதங்கமாகவே இருக்கிறது. அந்த நீண்ட பெயர், சுற்றுலாப் பயணிகளை ஈர்ப்பதற்காக 1860களில் கோக்கப்பட்ட விளம்பரம். அதன் முதலெழுத்துகளான 'லான்' மட்டுமே பயணச்செலவுக்கு ஈடானது.

அருகிலுள்ள பேங்கர் நகரிலிருந்து என்னை ஏற்றிவந்த வாடகைக்கார் ஓட்டுநர், பேசிய தொகைக்கு மேல் கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கான பணம் அது. பேருந்தும் ரயிலும் இருக்கும்போது யாரும் கார் பிடிக்க வேண்டாம். 'லான் என்றால் தேவாலயம்' என்று அவர் சொன்னது பாதி உண்மைதான். மரியாளின் தேவாலயம் என்பதே 'லான்வைர்'. மரியாளை வேல்ஸ் மொழியில் குறிக்கும் 'மைர்' என்னும் பெயரின் முதல் ஒலி இங்கே திரிந்து 'வைர்' ஆகிறது. லாண்டட்னோவில் புனித டட்னோவும், லான்பெரிசில் புனித பெரிசும் இருக்கிறார்கள்.

ஆனால் தொடக்கத்தில் இச்சொல் கட்டடத்தைக் குறிக்கவில்லை. அடைக்கப்பட்ட நிலத்தையே குறித்தது. ஆங்கிலத்தின் 'லேண்ட்' இதற்கு உறவுச்சொல். பழத்தோட்டத்துக்குப் 'பெர்லான்', திராட்சைத் தோட்டத்துக்கு 'க்வின்லான்', ஆட்டுப்பட்டிக்குக் 'கோர்லன்' என்று இன்றும் வழங்கும் சொற்களில் அந்தப் பழம்பொருள் அப்படியே நிற்கிறது. துறவிகள் ஒரு நிலத்தை வளைத்து, அதில் வழிபாட்டிடமும் இடுகாடும் அமைத்தபோது, வளைத்த நிலத்தின் பெயர் மெல்லமெல்லத் தேவாலயத்துக்கும், பின்னர் அதைச் சூழ்ந்த ஊருக்கும் ஆகிவந்தது.

பலகையை விட்டு விலகி, மெனாய் நீரிணைக் கரையிலுள்ள மரியாள் தேவாலயத்துக்கு நடந்தபோதுதான் இது எனக்கு முழுமையாக விளங்கியது. இடைக்காலத்துக் கட்டடம் இடிக்கப்பட்டு, இப்போதைய தேவாலயம் 19ஆம் நூற்றாண்டில் எழுந்தது. அதன் வளாகத்தில், பிரிட்டானியா பாலம் கட்டும்போது உயிரிழந்த தொழிலாளர்களுக்கான நினைவுத்தூண் நிற்கிறது. கட்டடம் மாறியபோதும், இறந்தவர்களை ஏற்றுக்கொள்ளும் நிலமாக அந்த வளாகம் தொடர்ந்திருக்கிறது. சொல்லின் ஆதிப்பொருளை இதைவிடத் தெளிவாக எந்த அகராதியும் எனக்குக் காட்டியதில்லை.

உச்சரிப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் ல, ள, ழ மூன்றுமே 'லான்' சொல்லின் முதல் ஒலிக்குப் பொருந்தா. நாக்கை 'ல' சொல்லும் இடத்தில் வைத்துக்கொண்டு, குரல் எழுப்பாமல் பக்கவாட்டில் காற்றை ஊத வேண்டும். 'll' என்று இரண்டாக எழுதினாலும், வேல்ஸ் மொழியில் இது ஒரே எழுத்து. இத்தகைய இரட்டைகளை ஒன்றாக எண்ணும் அவர்கள் கணக்கில் அந்த ஊர்ப்பெயருக்கு 51 எழுத்துகளே. நேரம் குறைவாக இருப்பவர்கள் பலகையைத் தவிர்த்துவிட்டு, நேரே கரைக்கு நடக்கலாம். அதற்குக் கட்டணம் எதுவும் இல்லை.